இன்னும் கேட்கவில்லை

பதினெட்டு நாட்களாக ஜெசிந்தாவின் கணவன் அவளிடம் மிக இனிமையாகப் பேசிக்கொண்டிருந்தான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனிமையைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனம் வரும்?

"ஜெசிந்தா, இன்று முழுவதும் உன் நினைவாகவே வேலை செய்தேன். வேளைக்குச் சாப்பிடு" என்று காலையில் ஒன்று வரும். "நீ கரையில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்று மாலையில் ஒன்று. தூத்துக்குடிக் கரையில் இருந்த கட்டுப்பாட்டு அறையில், அவள் மேசைத் திரையில் அவை வந்து விழும். அவள் அவற்றைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய், வீட்டுக்குப் போகும் பேருந்தில் நாலு தடவை படிப்பாள்.

இஞ்ஞாசி அறுபது மீட்டர் ஆழத்தில் இருந்தான். இரண்டு பேருந்தை ஒட்டவைத்த அளவில் ஓர் இரும்புக் கூடம். உள்ளே அவனும் துரைப்பழமும். செத்துப்போன பவளப்பாறைகளில் புதுப் பவளத்தை நட்டு வளர்ப்பது வேலை. ஒரு தடவை இறங்கினால் அறுபது நாள். அந்த ஆழத்து அழுத்தத்துக்கு உடம்பு பழகிவிட்டால் நினைத்த நேரத்தில் மேலே வந்துவிட முடியாது. கூடத்துக் காற்றையும் அழுத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, மூன்று நாள் எடுத்துக்கொண்டு தூக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்திலேயே காற்றுக் குமிழி கட்டிவிடும்.

இந்தத் தடவை அவன் இறங்கியபோது இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தமான் ஆழ்கடல் நிலையத்துக்கு இரண்டு வருடம் போவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான். "கேட்டுட்டுப் போட்டியளா, போட்டுட்டுச் சொல்லுதியளா?" என்று அவள் கேட்டாள். "இப்பச் சொல்லுதேன்லா" என்றான் அவன். அத்தோடு சரி. குழம்பைக்கூட அவனே ஊற்றிக்கொண்டான்.

அந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றைப் படகிலிருந்து பிடித்திருப்பவன் பெரும்பாலும் அவன் மச்சானாக இருப்பானாம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்கமாட்டான் என்ற நம்பிக்கை. முத்தும் போய், அந்தப் படகுகளும் போய், கடலடியில் நிலையம் வந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் எப்படியோ வேலைக்குச் சேர்ந்துவிட்டது. கீழே இறங்கும் குழுத் தலைவனுக்குக் கரையில் அவன் குடும்பத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு நிலையத்தில் 'கயிறு' என்றே பெயர். இஞ்ஞாசிக்குக் கயிறு ஜெசிந்தா.

அவள் வேலையில் முக்கியமானது ஒரு பச்சைப் பட்டன். கீழே இருந்த பழைய கணினி ஏழாம் பதிப்பில் ஓடியது. அந்தப் பதிப்புக்கு யாரையும் நம்பத் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவானாலும் பகலானாலும், கீழேயும் மேலேயும் ஒரே சமயத்தில் "இருக்கிறீர்களா?" என்று கேட்கும். பத்து நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் பட்டனை அமுக்கி "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். யாராவது சொல்லாவிட்டால் கரை முழுக்க மணி அடித்து ஊரைக் கூட்டும். நடு இரவுக் கேள்விக்காக அவள் வீட்டுத் தலைமாட்டிலும் ஒரு பட்டன் உண்டு. எல்லாருக்கும் அது தொல்லை.

ஜெசிந்தாவுக்கு மட்டும் அது தொல்லையாக இருந்ததில்லை. இஞ்ஞாசி சந்தோஷமாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே பதில் வரும். கோபமாக இருந்தால் ஒன்பதாவது நிமிடத்தில், மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வரும். கல்யாணமான புதிதில் அவனுக்குப் பொறுமையே இருக்காது. கேள்வி வருவதற்கு முன்பே பட்டனை அமுக்கிவிடுவான். அதற்கு ஏழாம் பதிப்பு இரண்டு திரையிலும் கடுகடுவென்று ஒரு வரி போடும்: "இன்னும் கேட்கவில்லை." அந்த வரியைப் பார்த்து அவள் தனியே உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்.

சண்டைக்குப் பிறகு அவன் ஒன்பதாவது நிமிடத்துக்குப் போனான். அவளும் ஒன்பதாவது நிமிடத்துக்குப் போனாள். ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை இருவரும் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவன் இறங்கி இருபத்திரண்டாம் நாள் புதுக் கணினி கீழே போனது. பன்னிரண்டாம் பதிப்பு. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் அதற்கே தெரியும். பட்டன் தேவையில்லாமல் போனது. மின்கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜெசிந்தா அந்தப் பச்சைப் பட்டனைக் காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து இஞ்ஞாசியின் இனிமையான செய்திகள் வரத் தொடங்கின. கோபம் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். அவளும் தாராளமாக எழுதினாள். இதுவரை எழுதாததையெல்லாம் எழுதினாள்.

அந்தச் செய்திகள் வரத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. வழக்கம்போல் காலை எட்டு மணிக்குக் கீழிருந்து மாதிரிப் பெட்டி மேலே வந்தது. பவளத் துண்டுகளை எடுத்துக் கடல்நீர்த் தொட்டியில் போடுவது அவள் வேலை. மூன்றாவது துண்டைச் சுற்றி, தண்ணீருக்கு அடியில் எழுதும் பிளாஸ்டிக் தாள் ஒன்று மடித்துக் கட்டப்பட்டிருந்தது. பென்சில் எழுத்து. இஞ்ஞாசியின் கோணல் எழுத்து.

"சிந்தா, நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல. சரி, புரிஞ்சிக்கிட்டேன். நாளைக்கு அந்தமானுக்கு உறுதி சொல்லிருதேன். இன்னொண்ணு, பத்து நாளா எங்க ரெண்டு பேருக்கும் விடாத தலைவலி. கணினில சொன்னா 'குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு வருது. டாக்டர்ட்ட கேட்டுச் சொன்னா நல்லது. வேலையா இருந்தா வேண்டாம்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அன்று காலைச் செய்தி இன்னும் அங்கேயே இருந்தது: "உடலும் உள்ளமும் நலமாக இருக்கிறேன், என் அன்பே."

இந்த இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது. எதை எழுதியவன் தன் கணவன் என்பதில் அவளுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

கரை நிலையத் தலைவர் கோமதிநாயகம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் தாளையும் கைபேசியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இந்த மெசேஜ் எல்லாம் அவரா எழுதுதாரு?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "அவர் எழுதுதாருன்னு சொல்ல முடியாதும்மா. அவர் சார்பா கணினி எழுதுது. அவர் பழக்கம், அவர் நாடித்துடிப்பு, பழைய செய்தி எல்லாத்தையும் வச்சு, அவர் என்ன சொல்லுவாரோ அதை…"

"அவர் 'என் அன்பே'ன்னு சொல்லுவாராமா? பன்னெண்டு வருஷத்துல ஒருநாள் சொன்னதில்ல, சார்."

"குடும்ப அமைதின்னு அதுல ஒரு ஏற்பாடு இருக்கு. கரையில இருக்கவங்க பதறாம இருக்கணும்னு. நான்தான் அதைப் போடச் சொன்னேன்." அவர் குரல் தாழ்ந்தது. "முன்னெல்லாம் ஒரு பதில் பிந்துனா எனக்கு இருபது போன் வரும். ஒங்க மாமியாரே மூணு தடவ பண்ணுவாவ."

"அப்ப நான் எழுதுனது?"

"கீழ இருக்கவங்களுக்குக் கவனம் சிதறக்கூடாதுல்லா. சுருக்கிக் குடுக்கும்."

"சுருக்கின்னா?"

அவர் திரையைத் திருப்பித் தேடிக் காட்டினார். முந்தாநாள் அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். முதல் தடவை கடலுக்குள் அவன் இறங்கியபோது விடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்ததை, இந்தச் சண்டையில் அவனைவிடத் தனக்குத்தான் அதிகம் வலித்ததை. கீழே போய்ச் சேர்ந்தது ஒரே சொல்: "சரி."

பதினெட்டு நாளும் அவனுக்குக் கிடைத்தது அதுதான். சரி. நலம். சரி.

அழுவதற்கு நேரமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. "சார், தலைவலின்னு எழுதிருக்காரு. காத்து எப்படி இருக்குன்னு பாருங்க."

பார்த்தார்கள். கூடத்துக் காற்றில் கரியமில வாயு அளவு: 0.40 சதவீதம். நேற்றும் 0.40. பத்தொன்பது நாளும் மணிக்கு மணி ஒரே கோடு, அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி.

"நல்லாத்தானம்மா இருக்கு."

"நல்லா இல்ல சார். பழைய மாசத்த எடுங்க."

பழைய மாதத்துக் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. துரைப்பழம் காலையில் தண்டால் எடுக்கும் நேரம்கூட அதில் ஒரு மேடாகத் தெரிந்தது.

"மனுசன் மூச்சு விடுத இடத்துல கோடு இப்படி நேரா போகாது, சார்."

கோமதிநாயகம் கணினி கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், மிகவும் கனிவாக விளக்கியது. பழைய வகை சென்சார்களைப் பன்னிரண்டாம் பதிப்பு அடையாளம் காணாது. அளவு வராத இடங்களில் அது தானே மதிப்பிட்டு நிரப்பிக்கொள்ளும். திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்குமே, அதற்கு அதுதான் பொருள்.

இருந்தது. கடுகளவு, சாம்பல் நிறத்தில்.

"அப்ப அங்க நெசமா என்ன அளவு?" என்றாள் ஜெசிந்தா.

"அது எங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, மேடம்."

"பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக் குடுங்க."

"பதினைந்து நாட்களுக்குள் கேட்டிருந்தால் செய்திருக்கலாம். ஏழாம் பதிப்பை எங்கள் சேமிப்பிலிருந்தே நீக்கிவிட்டோம். அது பாதுகாப்பற்றது, மேடம்."

கோமதிநாயகம் இணைப்பைத் துண்டித்தார். பிறகு அவசரக் குறியீட்டைப் போட்டு, கீழே நேரடிப் பேச்சு இணைப்பைத் திறந்தார். பன்னிரண்டாம் பதிப்பு வந்ததிலிருந்து யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. இனிமையான செய்திகள் வரும்போது யார் கேட்பார்கள்?

"ஏங்க," என்றாள் ஜெசிந்தா. "நான்தான்."

சற்று நேரம் கரகரப்பு. பிறகு ஒரு வாத்துக் குரல். அந்த ஆழத்தில் சுவாசிக்கும் ஹீலியம் கலந்த காற்றில் எல்லாருக்கும் வாத்துக் குரல்தான். நல்லவேளை, இதை மட்டும் அந்தக் கணினி அழகுபடுத்தவில்லை.

"என்னளா, பேசிட்ட? 'சரி'ன்னு சொல்லவா கூப்புட்ட?"

"அந்தச் சரி என்னோடது இல்ல. பொறவு சொல்லுதேன். தலைவலி எப்படி இருக்கு?"

"மண்டைக்குள்ள இஞ்சின் ஓடுது. துரைப்பழம் ரெண்டு நாளா படுத்தே கிடக்கான். மூச்சு வாங்குது. பில்டர் புதுசு மாத்துனேன், கேக்கல. விசிறி ரொம்ப மெதுவா ஓடுது."

"கையால கூட்டுங்க."

"கூட்டிப் பாத்தாச்சு. அஞ்சு நிமிசத்துல அதுவே குறைச்சிருது. காத்து நல்லாருக்காம், பேட்டரிய மிச்சம் பிடிக்காம்."

கோமதிநாயகம் குனிந்து பேசினார். "இஞ்ஞாசி, உங்களை மேல கொண்டு வந்துறலாம்னாலும் மூணு நாள் இதே கணினிதான் ஓட்டணும். இல்லாத சென்சாரப் பாத்து ஓட்டும். நான் அதுக்குச் சம்மதிக்க மாட்டேன். ஏழாம் பதிப்பு இருந்தா எல்லாம் சரியாயிரும். ஆனா ஏழு எங்கயுமே இல்ல. பழைய டிஸ்க் நீங்க மேல அனுப்பி, அழிச்சாச்சு…"

கீழே இன்னொரு வாத்துக் குரல், படுத்த இடத்திலிருந்து.

"அண்ணன் அனுப்பல, சார்."

"ஏல, சும்மா கெட," என்றான் இஞ்ஞாசி.

"என்னத்த சும்மா கெட? உயிர் போகப் போகுது, இவருக்கு வெக்கம்! மைனி, அண்ணன் அனுப்புனது வெறும் டிஸ்க்கு. ஏழு இங்கன பிஸ்கட் டப்பாக்குள்ள இருக்கு."

"எதுக்கு வச்சிருந்திய?" என்றாள் ஜெசிந்தா.

"சும்மாதான்."

"சும்மாவா?" துரைப்பழத்துக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. "மைனி பட்டன் அமுக்குன நேரம் எல்லாம் அதுல பதிஞ்சிருக்குல்லா. அதைக் குடுக்க மனசில்ல. பத்து வருசத்துது. அத எடுத்து எடுத்துப் பாப்பாரு, மைனி. 'பாருல, அன்னைக்குக் காய்ச்சல்லகூட ரெண்டாவது நிமிசத்துல அமுக்கிருக்கா'ன்னு எங்கிட்டயே காட்டுவாரு."

கோமதிநாயகம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். ஜெசிந்தா பச்சைப் பட்டனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"சரி, சரி," என்றான் இஞ்ஞாசி. "டிஸ்க் இருக்கு. என்ன செய்யணும்?"

செய்ய வேண்டியது எளிது. ஆபத்தும் அதிலேயே இருந்தது. புதுக் கணினியை முழுக்க அணைத்து, அதிலிருக்கும் எல்லாவற்றையும் அழித்து, பழைய பதிப்பை ஏற்ற வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை விசிறி கிடையாது, விளக்கு கிடையாது, பேச்சு கிடையாது. இருவரும் அவசர முகமூடியில் மூச்சு விட வேண்டும். ஒரு முகமூடி ஐம்பது நிமிடம் வரும். புதுப் பெட்டி பழைய பதிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், மறுபடி பன்னிரண்டை ஏற்றுவதற்கு நேரம் இருக்காது.

"புது மாப்பிள்ளைக்குப் பழைய சட்டை," என்றான் துரைப்பழம். "கை நுழைஞ்சாப் போதும்."

ஆனால் பன்னிரண்டாம் பதிப்பு வழி விடவில்லை. பூட்டைத் திறக்க நிலையத் தலைவரின் சங்கேத எண் வேண்டும். அதற்கு முன்னால் ஓர் ஒப்புதல். கோமதிநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பழைய பதிப்பை ஏற்றுவதால் நேரும் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல, கையெழுத்திடுபவரே பொறுப்பு. அவர் மூன்று முறை படித்தார்.

"பத்தொம்பது நாள் நிம்மதியாத் தூங்குனேன், ஜெசிந்தா. ஒரு போன் கூட வரல. அப்பவே யோசிச்சிருக்கணும்."

பெருவிரலை வைத்துவிட்டு, பதினாறு எண்களையும் ஒவ்வொன்றாகக் கீழே வாசித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இஞ்ஞாசி திருப்பிச் சொன்னான்.

"சிந்தா, அணைக்கப் போறேன்."

"ம்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"நீங்க என்னமோ கேட்டதா எழுதிருந்தியளே, எனக்கு எந்தக் கேள்வியும் வரல. மேல வந்து கேளுங்க. பதில் அப்பச் சொல்லுதேன்."

இணைப்பு அறுந்தது. ஒன்பது மணி பதினெட்டு நிமிடம்.

நாற்பது நிமிடத்தில் ஒரு மனுஷி என்ன செய்யலாம்? ஜெசிந்தா தொட்டிக்குப் போய் மீதிப் பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினாள். வெளியே வைத்தால் செத்துவிடும். நீரின் சூட்டைப் பார்த்து எழுதினாள். எழுதிய எண்ணை மறந்து மறுபடி பார்த்தாள். திரும்பி வந்து மேசையிலிருந்த பச்சைப் பட்டனைத் தன் முந்தானையால் துடைத்து, அதன் கம்பியை மறுபடி செருகினாள். கோமதிநாயகத்தின் டீ ஆடை கட்டிக் கிடந்தது. டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, மீட்புப் படகுக்கும் சொல்லியாகிவிட்டது. மீட்புப் படகால் அறுபது மீட்டர் ஆழத்தில் எதுவும் செய்ய முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நாற்பது நிமிடம் ஆனது. நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டாம் நிமிடம் அவள் திரை கறுத்தது. ஒரு மூலையில் பச்சை எழுத்து மினுங்கியது. அழகில்லாத, சதுரமான, பழைய எழுத்து.

"இருக்கிறீர்களா?"

எழுத்து முழுதாக வருவதற்குள் அவள் அமுக்கிவிட்டாள். "கரை: இருக்கிறேன்." கீழே இன்னொரு வரி. "கீழ்நிலையம்:" அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒரு நிமிடம். இரண்டு. காற்று அளவு வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆள் உறுதி செய்யாமல் ஏழாம் பதிப்பு எந்த எண்ணையும் காட்டாது. அதற்குத்தான் யாரையும் நம்பத் தெரியாதே.

ஐந்தாவது நிமிடத்தில் கோமதிநாயகம் எழுந்து நின்றார். ஏழாவது நிமிடத்தில் உட்கார்ந்தார். முகமூடியில் மிச்சமிருப்பது ஒரு நிமிடமா, ஒன்றுமில்லையா என்று கணக்கிட அவர் துணியவில்லை.

எட்டு முடிந்தது. 'கோபமா இருக்காரு' என்று ஜெசிந்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். 'கோபத்துலதான் ஒன்பதுல அமுக்குவாரு. மாதாவே, கோபமாவே இருக்கட்டும். ஆயுசுக்கும் கோபமா இருக்கட்டும்.'

ஒன்பது நிமிடம் நாற்பத்தாறு நொடி.

"கீழ்நிலையம்: இருக்கிறேன்."

உடனே காற்று அளவு சிவப்பாக எரிந்தது: 1.9. பாதுகாப்பு எல்லையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதைப் பார்த்து கோமதிநாயகம் கைகூப்பிவிட்டார். சிவப்பாக இருந்தாலும் அது உண்மையான எண். விசிறி முழு வேகம் என்று இன்னொரு வரி வந்தது. 1.9. 1.8. ஒரு கணம் 1.9. பிறகு 1.7. கோடு ரம்பப் பல்லாக, மூச்சு விடுகிற மனிதர்களின் கோடாக, மெல்ல இறங்கியது.

பேச்சு இணைப்பு வந்தபோது முதலில் கேட்டது துரைப்பழத்தின் திட்டு. "பட்டனே இல்லாம ஒரு பொட்டி செஞ்சிருக்கானுவ, மைனி! பழைய பதிப்பு பட்டனத் தேடுது. புதுப் பொட்டில பட்டன் மாட்ட ஓட்டையே இல்ல. அண்ணன் இருட்டுல ஒவ்வொரு கட்டையா அமுக்குதாரு. நான் செபமாலைய உருட்டுதேன்."

"கடைசில எது?" என்றாள் அவள்.

"சத்தத்தக் குறைக்கிற கட்டை," என்றான் இஞ்ஞாசி. மூச்சு வாங்கினாலும் அவன் சிரிப்பது தெரிந்தது. "நீ ரொம்பப் பயந்துட்டியோ?"

"இல்ல. கோபமா இருக்கியன்னு நினைச்சேன்."

அப்போதுதான் ஏழாம் பதிப்பு இன்னொரு வேலையைச் செய்தது. அணைக்கப்பட்ட நாளில் பாதியில் நின்றுபோன வேலை ஒன்று அதன் வரிசையில் காத்திருந்தது. பத்தொன்பது நாள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தாலும் அது மறக்கவில்லை. ஜெசிந்தாவின் திரையில் வரி வரியாக எழுதியது:

"அனுப்பப்படாத செய்தி 1. கீழ்நிலையம். ஏட்டி, கையெழுத்துப் போட்டது தப்புதான். ஒன்ட்ட கேட்டுருக்கணும். கேக்காததுக்குக் காரணம், கேட்டா நீ போங்கன்னு சொல்லிருவியோன்னு பயம். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, ரத்து பண்ணிருதேன். ஒண்ணும் சொல்லலன்னா போகச் சொல்லுதன்னு எடுத்துக்கிடுவேன். இன்னைக்குக் கம்ப்யூட்டர் மாத்துதாங்களாம், அதுக்குள்ள சொல்லு. விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு இருக்காத. சாப்புடு."

அவள் அதைப் படித்தாள். இத்தனை நாளாகக் கைபேசியில் சேர்த்துவைத்த முப்பத்தாறு செய்திகளில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. என் அன்பே என்ற அத்தனையும் அவளுக்கு வேண்டியிருந்தது, அதனால் நம்பியிருந்தாள். அது அவளுடைய தப்பு. அதை அவனிடம் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும்.

"வந்துருச்சு," என்றாள்.

"என்னது?"

"நீங்க கேட்டது. இப்பத்தான் வந்துச்சு."

அவள் ஒலிவாங்கியை வாய்க்கு நெருக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "அந்தமான் வேண்டாம். எங்கயும் போக வேண்டாம். போதுமா ஒரு வார்த்தை?"

"மூணு தடவ சொல்லிட்ட," என்றது வாத்துக் குரல்.

"மீதியையும் வச்சிக்கிடுங்க. ஒங்களுக்கு நான் எழுதுன லெட்டரு பதினெட்டு இருக்கு. அதையெல்லாம் அந்தப் பன்னெண்டு 'சரி'ன்னு சுருக்கிட்டு, ஒங்க பேருல எனக்கு அதுவே எழுதிருக்கு. மூணு நாள் மேல ஏறி வரும்போது ஒண்ணொண்ணா வாசிக்கேன். நீங்க அழுவிய. துரைப்பழம் தம்பி பாத்துக்கிடட்டும்."

"அழுதா நான் மேல வந்து ஊருக்கே சொல்லுவேன், மைனி," என்றான் துரைப்பழம். "அது சரி, அண்ணன் எழுதுன மாதிரி அது என்னதான் எழுதிச்சு?"

ஜெசிந்தா ஒன்றை வாசித்துக் காட்டினாள். உன் சிரிப்பு என்ற கலங்கரை விளக்கத்தைப் பார்த்தே நான் கரை சேர்வேன், என் அன்பே.

கீழே பெரிய சிரிப்பு. இருமிக்கொண்டே சிரித்தார்கள்.

"இத நான் எழுதுனேன்னு எப்படிளா நம்புன?" என்றான் இஞ்ஞாசி.

"அதையும் மேல வந்து கேளுங்க."

டாக்டர் வந்து பேசினார். தலைவலி நாளைக்குள் போய்விடும். சனிக்கிழமை காலை மேலே ஏற்றத் தொடங்கலாம் என்றார். கோமதிநாயகம் தன் மேசையில் உட்கார்ந்து, நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். முதல் வரியை இரண்டு முறை அடித்துவிட்டு, 'தவறு என்னுடையது' என்று தொடங்கினார். அவர் கைபேசி அடித்தது. செய்தி எப்படியோ பரவியிருக்கிறது, இஞ்ஞாசியின் அம்மா. அவர் எடுத்து, பொறுமையாக, "ஆமாம்மா, இருக்கான்மா, நானே காதால கேட்டேம்மா" என்று பதில் சொன்னார். வைத்தவுடன் மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் அலுப்பே இல்லை.

ஜெசிந்தா காலையில் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, மேசையிலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். எலுமிச்சம்பழச் சோறு. பச்சைப் பட்டனை இடது கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். காற்று அளவு 0.7, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நண்பகல் கேள்விக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

திரையில் ஒரு வரி வந்தது.

"கீழ்நிலையம்: இன்னும் கேட்கவில்லை."

அவள் வாயில் வைத்த சோற்றோடு அப்படியே இருந்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடி வந்தது.

"கீழ்நிலையம்: இன்னும் கேட்கவில்லை."

"என்னம்மா ஆச்சு?" என்று கோமதிநாயகம் பதறி எழுந்தார். "மறுபடி கோளாறா?"

"இல்ல சார்," என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா வேலை செய்யுது."

பிறகு அவளும் இடது கையால் பட்டனை அமுக்கினாள்.